"அந்தச் சூரியன் எப்ப சார் வரும்?"

(திண்டிவனத்தில் நடந்த அறிவியல் ஆசிரியர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்கிறீர்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு 'அணுக்கரு இணைவு உலைகளும் அவற்றின் பொறியியல் சிக்கல்களும்'. "மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற எனக்கு இது எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். என்னை இந்தப் பக்கம் திருப்பியது ஒரு பேருந்துப் பயணம். அதைச் சொல்லித் தொடங்கினால் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

கடந்த ஆண்டு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டிக்காக நின்றிருந்தேன். நாற்பது வயதை ஒட்டிய ஒருவர் அருகில் வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் நினைவு வந்தது. 1999இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர். கடைசி வரிசை. தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறி, ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் சேர்ந்தார். இப்போது அழுத்தக் கலன்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மூத்த வெல்டர்.

இருவரும் ஒரே வண்டியில் ஏறினோம். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "சார், பூமியிலயே சூரியன் செய்யறாங்க, இன்னும் இருபது வருஷத்துல அதுலேர்ந்து கரண்ட் வந்துடும்னு சொன்னீங்க. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அந்தச் சூரியன் எப்ப சார் வரும்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்னது பொய்யல்ல. எங்கோ படித்ததைத்தான் சொன்னேன். ஆனால் படித்ததைச் சரிபார்க்காமல் உறுதிமொழி போலச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் அதை இருபத்தைந்து ஆண்டுகள் மனத்தில் வைத்திருந்தான். மற்ற பாடமெல்லாம் மறந்தவனுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

அன்று அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டு, இன்று உங்களிடம் சொல்கிறேன்.

இருபது ஆண்டு என்று முதலில் சொன்னவர்

இந்த 'இருபது ஆண்டு' கணக்கு என்னிடம் தொடங்கவில்லை. 1955இல் ஜெனீவாவில் அணு ஆற்றலின் ஆக்க வழிப் பயன்கள் குறித்த முதல் பன்னாட்டு மாநாடு நடந்தது. அதற்குத் தலைமை வகித்தவர் நம் ஹோமி பாபா. இணைவு ஆற்றலைக் கட்டுக்குள் வைத்து வெளிக்கொணரும் வழி அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்படும் என்று தம் தலைமை உரையில் அவர் கணித்தார். பாபா பெரிய அறிஞர். அவரே காலத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்றால் சிக்கல் எங்கே இருக்கிறது?

இயற்பியல் அன்றே ஓரளவு தெளிவாகிவிட்டது. சிக்கல் இருந்தது, இருப்பது, பொறியியலில். பாத்திரம் செய்வதில், பற்றவைப்பதில், குளிர்விப்பதில், உலோகத்தில்.

சூரியனைப் போலச் செய்தால் போதாது

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அணுக்கரு இணைவு இருக்கிறது. இலேசான இரண்டு அணுக்கருக்கள் சேர்ந்து கனமான ஒன்றாகின்றன. அப்போது குறையும் நிறை ஆற்றலாகிறது. அணுக்கருக்கள் நேர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி மிக அருகில் வர வேண்டுமானால் அசுர வேகத்தில் மோத வேண்டும். அசுர வேகம் என்றால் அசுர வெப்பநிலை. சூரியனின் மையத்தில் அது சுமார் 1.5 கோடி டிகிரி செல்சியஸ். இதுவரை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்வதுதான்.

நான் வகுப்பில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சூரியனின் மையத்தில் ஒரு கனமீட்டர் இடத்தில் உண்டாகும் வெப்பத் திறன் 300 வாட்டுக்கும் குறைவு. நம் ஊர் எருக்குழியில் சாணமும் குப்பையும் மக்கும்போது உண்டாகும் சூடும் ஏறத்தாழ அந்த அளவுதான். சூரியன் இவ்வளவு ஒளிர்வதற்குக் காரணம் அதன் பேருருவம். எருக்குழி அளவில் ஒரு சூரியத் துண்டை வெட்டி வந்து வைத்தாலும் ஒரு மின்விசிறியைச் சுற்றுவதே பெரும்பாடு.

ஆகவே பூமியில் சூரியனை அப்படியே நகலெடுத்துப் பயனில்லை. எளிதாக இணையும் எரிபொருள் வேண்டும். அது ஹைட்ரஜனின் இரண்டு ஐசோடோப்புகள், டியூட்ரியமும் டிரிட்டியமும். இவை இணைந்தால் ஹீலியமும் ஒரு நியூட்ரானும் கிடைக்கும், 17.6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படும். இந்தக் கலவை ஒரு கிராம் முழுதாக இணைந்தால் ஏறத்தாழ 8 டன் எண்ணெயை எரித்த வெப்பம் வரும். ஆனால் சூரியனில் இருக்கும் நிறையின் அழுத்தம் நம்மிடம் இல்லையே. அதை வெப்பநிலையால் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் இணைவு உலைக்கு 15 கோடி டிகிரி தேவைப்படுகிறது. சூரிய மையத்தைப் போல் பத்து மடங்கு.

அந்தச் சூட்டில் எலக்ட்ரான்கள் பிரிந்து வாயு பிளாஸ்மாவாகிவிடும். பிளாஸ்மா என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் வகுப்பறைக் குழல் விளக்குக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான், மிக மெலிந்த பிளாஸ்மா.

மெதுவடைக்குள் நெருப்பு

15 கோடி டிகிரியை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? எந்தப் பொருளும் தாங்காது. ஆனால் பிளாஸ்மாவுக்கு மின்சுமை உண்டு. காந்தப் புலத்தை மீறி எளிதில் ஓடாது. எனவே காந்தப் புலத்தையே பாத்திரமாக்கினார்கள். நேரான குழாயாக இருந்தால் இரண்டு முனையிலும் ஒழுகும். முனைகளை வளைத்து இணைத்தால் முனையே இல்லை. மெதுவடை வடிவம். என் பேரனுக்கு இதை வடையைக் கையில் வைத்துத்தான் விளக்கினேன். விளக்கி முடிக்கும்முன் உலை காணாமல் போய்விட்டது.

இந்த வடை வடிவ உலைக்கு டோக்கமாக் என்று பெயர். சோவியத் விஞ்ஞானிகள் 1950களில் உருவாக்கியது. 1968இல் நோவசிபிர்ஸ்க் நகரில் நடந்த மாநாட்டில், தங்கள் டோக்கமாக்கில் ஏறக்குறைய ஒரு கோடி டிகிரி எட்டிவிட்டோம் என்றார்கள். மற்ற நாட்டார் நம்பவில்லை. நம்பாததற்கும் காரணம் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன், 1958இல், பிரிட்டன் தன் ஜீட்டா என்ற கருவியில் இணைவு நடந்துவிட்டதாக உலகறிய அறிவித்து, சில மாதங்களிலேயே அது தவறு என்று திரும்பப் பெற்றிருந்தது. ஒருமுறை சூடுபட்ட பூனைகள் அவர்கள்.

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஆனாலும் சோவியத் தரப்பு, "நீங்களே வந்து அளந்து பாருங்கள்" என்று பிரிட்டன் விஞ்ஞானிகளை அழைத்தது. அவர்கள் தங்கள் லேசர் கருவிகளை மாஸ்கோவுக்குக் கொண்டுபோய் அளந்தார்கள். சோவியத்தார் சொன்னது சரி என்று 1969இல் எழுதினார்கள். அதன் பிறகே உலகம் முழுவதும் டோக்கமாக்குகள் எழுந்தன.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பாடத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு குழு தவறை ஒப்புக்கொண்டது. இன்னொரு குழு தன் முடிவை அடுத்தவர் சோதிக்கக் கதவைத் திறந்துவிட்டது. அறிவியல் வளர்ந்தது இந்த இரண்டாலும்தான்.

இந்தியாவில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 'ஆதித்யா' என்ற டோக்கமாக் 1989இல் இயங்கத் தொடங்கியது. உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. பிறகு மீக்கடத்திக் காந்தங்களுடன் எஸ்.எஸ்.டி.-1 வந்தது, அதில் 2013இல் முதல் பிளாஸ்மா உண்டாயிற்று. இவை மின்சாரம் தரும் உலைகள் அல்ல, பயிற்சிக் களங்கள். எஸ்.எஸ்.டி.-1 ஆயிரம் வினாடிக்கு வடிவமைக்கப்பட்டது. பிளாஸ்மா நின்றது ஒரு வினாடிக்கும் குறைவாகவே. செய்தித்தாளில் 'செயற்கைச் சூரியன்' என்று தலைப்பு வரும்போது இந்த அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

ஐந்து முடிச்சுகள்

இனிப் பொறியியலுக்கு வருகிறேன். சிக்கல்களை ஐந்து முடிச்சுகளாகச் சொல்லலாம்.

முதல் முடிச்சு, சுவர். காந்தம் எவ்வளவு பிடித்தாலும் பிளாஸ்மாவின் கழிவு வெப்பம் உலையின் அடிப்பகுதியில் ஓரிடத்தில் வந்து இறங்கத்தான் செய்யும். அங்கே ஒரு சதுர மீட்டரில் 10 மெகாவாட் அளவுக்கு வெப்பம் விழும். சித்திரை மாத உச்சி வெயிலில் நம் மொட்டைமாடியில் விழுவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட். அதைப் போல் பத்தாயிரம் மடங்கு. 3,400 டிகிரிக்கு மேல் உருகும் டங்ஸ்டனைத்தான் அங்கே பதிக்கிறார்கள். பின்னால் வேகமாக நீர் ஓட வேண்டும். பிரான்சில் உள்ள வெஸ்ட் என்ற டோக்கமாக்கில், டங்ஸ்டன் சுவருக்குள் 2025 பிப்ரவரியில் 1,337 வினாடிகள், அதாவது 22 நிமிடங்களுக்கு மேல் பிளாஸ்மாவை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம் சீனாவின் ஈஸ்ட் உலை 1,066 வினாடிகளை எட்டியிருந்தது. மின் நிலையம் என்றால் மாதக் கணக்கில் நிற்க வேண்டும்.

இரண்டாம் முடிச்சு, குளிர். காந்தச் சுருள்கள் மீக்கடத்திகளால் ஆனவை. திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் மின்தடை மறையும். நடுவில் 15 கோடி டிகிரி. சில மீட்டர் தள்ளி மைனஸ் 269. இரண்டுக்கும் இடையே வெற்றிடமும் வெப்பத் தடுப்புத் திரைகளும். சுடுசோற்றையும் ஐஸையும் ஒரே டிபன் கேரியரில் அடுத்தடுத்த அடுக்கில் வைத்து, இரண்டும் அப்படியே இருக்க வேண்டும் என்பது போல.

மூன்றாம் முடிச்சு, நியூட்ரான். வெளிவரும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்தான் கொண்டுபோகிறது. அதற்கு மின்சுமை இல்லை, காந்தத்துக்குக் கட்டுப்படாது. நேரே சுவருக்குள் புகுந்து இரும்பின் அணுக்களை அவை இருக்கும் இடத்திலிருந்து தட்டிவிடும். நாளடைவில் எஃகு வீங்கும், நொறுங்கும் தன்மை பெறும். அதோடு எஃகில் கலந்திருக்கும் நிக்கல், மாலிப்டினம், நியோபியம் போன்றவை நெடுங்காலக் கதிரியக்கம் உடையவையாக மாறிவிடும்.

இங்கேதான் நம் பக்கத்து ஊர் வருகிறது. மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் உலோகவியலாளர்கள், காந்திநகர் நிறுவனத்துடனும் ஐதராபாத்தின் மிதானி ஆலையுடனும் சேர்ந்து, இணைவு உலைக்கென ஒரு எஃகை உருவாக்கியிருக்கிறார்கள். மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நியோபியத்துக்குப் பதில் டாண்டலம். டங்ஸ்டனைக் கூட்டியும் குறைத்தும் வார்த்துப் பார்த்து, 1.4 விழுக்காடு டங்ஸ்டன், 0.06 விழுக்காடு டாண்டலம் என்ற கலவையைத் தேர்ந்தார்கள். ரசத்துக்கு உப்புப் பார்ப்பது போல என்று சொன்னால் எளிமையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு 'உப்புப் பார்ப்பதற்கும்' ஆயிரக்கணக்கான மணி நேரச் சோதனை. வேதியியல் ஆசிரியர்கள் உலோகக் கலவை பாடத்தில் பித்தளையோடு இதையும் ஒரு வரி சேர்க்கலாம். நம் மாணவர்கள் சுற்றுலா போகும் வழியில் நடந்த வேலை இது.

நான்காம் முடிச்சு, எரிபொருள். டியூட்ரியத்துக்குப் பஞ்சமில்லை. மரக்காணம் உப்பளத்தில் பாய்கிற கடல் நீரில், ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்ரியம். ஒரு கனமீட்டர் நீரில் 33 கிராம் தேறும். அதைப் பிரிக்கும் தொழில்நுட்பமும் நமக்குப் பழையதே. தூத்துக்குடியில் கனநீர் ஆலை இயங்கிய வரலாறு உண்டு. கல்பாக்கத்தின் மின் உலைகள் கனநீரைப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவை.

டிரிட்டியம்தான் சிக்கல். அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டு. இயற்கையில் தேக்கிவைக்க முடியாது. கனநீர் உலைகளில் துணைவிளைவாகச் சிறிது உண்டாகும். உலகம் முழுவதும் பயன்பாட்டுக்குக் கிடைப்பது சில பத்துக் கிலோதான். ஆனால் 1,000 மெகாவாட் இணைவுத் திறனில் ஓர் உலை ஓராண்டு தொடர்ந்து இயங்க 55 கிலோவுக்கு மேல் வேண்டும். எனவே உலை தன் எரிபொருளைத் தானே விளைவித்துக்கொள்ள வேண்டும். சுவருக்குப் பின்னால் லித்தியத்தைப் போர்வையாக வைப்பார்கள். நியூட்ரான் பட்டால் லித்தியம் டிரிட்டியத்தைத் தரும். விதைநெல்லை எடுத்துவைத்து அடுத்த போகம் பயிரிடுவதைப் போன்றது இது. ஒரு நெல்லுக்கு ஒரு நெல்லுக்கு மேல் திரும்பி வந்தால்தான் விவசாயம் நடக்கும். எந்த உலையிலும் இந்த விவசாயம் இன்னும் முழுமையாக நடத்திக் காட்டப்படவில்லை.

ஐந்தாம் முடிச்சைப் பேருந்தில் என் மாணவரிடமே கற்றுக்கொண்டேன்.

தகடு இழுக்கும் சார்

பிரான்சின் தெற்கே கதராஷ் என்ற இடத்தில் 'ஈட்டர்' என்ற மிகப் பெரிய டோக்கமாக் எழுந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென்கொரியா, ரஷ்யா, அமெரிக்கா ஆகிய ஏழு உறுப்பினர்கள் 2006இல் ஒப்பந்தம் செய்தனர். பிளாஸ்மாவுக்குள் 50 மெகாவாட் வெப்பம் செலுத்தி 500 மெகாவாட் பெறுவது குறிக்கோள். உலை முழுவதையும் உள்ளே வைத்து மூடும் வெற்றிடக் கலன் இந்தியாவின் பங்களிப்பு. சுமார் 30 மீட்டர் உயரம், அதே அளவு அகலம், 3,850 டன் எடை. சூரத் அருகே ஹசிராவில் எல் அண்ட் டி ஆலையில் பகுதி பகுதியாகச் செய்து, கப்பலில் அனுப்பி, பிரான்சில் பற்றவைத்துச் சேர்த்தார்கள். 1,250 டன் எடையுள்ள அதன் அடிப்பகுதி 2020 மே மாதம் உலைக் குழிக்குள் இறக்கப்பட்டது.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது இதை என் மாணவரிடம் சொன்னேன். செல்பேசியில் படமும் காட்டினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் முகம் மாறிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், வெல்டிங் அடிச்சா தகடு இழுக்கும். சூடான இடம் ஆறும்போது சுருங்கும். மூணு மீட்டர் டேங்குக்கே நாங்க ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி அடிப்போம். இல்லன்னா வட்டம் வட்டமா இருக்காது. முப்பது மீட்டர்னா எப்படி சார் அடிச்சாங்க?"

நான் முப்பதாண்டு வெப்ப விரிவு பாடம் நடத்தியவன். தண்டவாள இடைவெளியைத் தவிர வேறு எடுத்துக்காட்டு சொன்னதில்லை. அவர் அதே பாடத்தைக் கையால் தினமும் நடத்துகிறார்.

அவர் கேட்ட கேள்விதான் ஈட்டரையும் தடுமாற வைத்தது. 2022இல் இரண்டு குறைகள் வெளிப்பட்டன. உள்ளே இருக்கும் வடை வடிவ வெற்றிட அறையின் பகுதிகளில், ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டிய விளிம்புகள் திட்டமிட்ட அளவிலிருந்து விலகியிருந்தன. இன்னொன்று, வெப்பத் தடுப்புத் திரைகளின் மேல் ஓடும் குளிர்விப்புக் குழாய்களில் நுண்ணிய விரிசல். பற்றவைத்த இடங்களில் தங்கிய குளோரின் எச்சம் எஃகை அரித்திருந்தது. 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள். பிரிக்க வேண்டியதைப் பிரித்து, சரிசெய்ய வேண்டியதாயிற்று. பெருந்தொற்றுக் காலத் தாமதமும் இன்ன பிறவும் சேர, 2025இல் தொடங்க வேண்டிய முதல் இயக்கம் தள்ளிப்போனது. 2024இல் அறிவித்த புதிய கால அட்டவணைப்படி ஆய்வுப் பணி 2034இல் தொடங்கும். டியூட்ரியமும் டிரிட்டியமும் சேர்த்து இயக்குவது 2039இல்.

இதைச் சொன்னதும் அவர் சொன்னார்: "சரியாத்தான் சார் செஞ்சிருக்காங்க. விரிசல் தெரிஞ்சப்புறம் மேல பெயிண்ட் அடிச்சு மூடல பாருங்க."

வரவு செலவு

"அமெரிக்காவில் சாதித்துவிட்டார்களாமே, போட்டதைவிட அதிகம் வந்துவிட்டதாமே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்மை. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும்.

2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் தேசியப் பற்றவைப்பு மையத்தில், லேசர் கதிர்களால் மிளகு போன்ற ஓர் எரிபொருள் உருண்டையை நசுக்கினார்கள். உள்ளே போன லேசர் ஆற்றல் 2.05 மெகாஜூல். வெளிவந்தது 3.15 மெகாஜூல். ஒன்றரை மடங்கு. மனித வரலாற்றில் முதல்முறை, பெரிய வெற்றி. ஆனால் அந்த லேசரை உண்டாக்க மின்கம்பியிலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். அந்தக் கணக்கில் திரும்பி வந்தது நூற்றுக்கு ஒன்று.

பிரிட்டனில் ஜெட் என்ற டோக்கமாக் 2023இல் தன் கடைசிக் கட்டச் சோதனையில் 69 மெகாஜூல் தந்தது. எரிபொருள் செலவு 0.2 மில்லிகிராம். 69 மெகாஜூல் என்பது சுமார் 19 யூனிட். உப்புக்கல்லைவிடச் சிறிய எரிபொருளில் 19 யூனிட் வெப்பம் என்பது வியப்பு. ஆனால் பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலவிட்டது அதைவிட அதிகம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

ஈட்டரின் பத்து மடங்கும் அப்படியே. 50 மெகாவாட் என்பது பிளாஸ்மாவுக்குள் போகும் வெப்பம் மட்டும். காந்தம், குளிரூட்டி, பம்புகள் எல்லாம் தனிச் செலவு. ஈட்டர் மின்சாரம் உற்பத்தி செய்யப் போவதும் இல்லை. அது வழி காட்டும் உலை.

எட்டாம் வகுப்பு விழுக்காடு கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒரே சோதனை, எந்தத் தொகையை வகுக்கும் எண்ணாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து 154 விழுக்காடு என்றும் வரும், ஒரு விழுக்காடு என்றும் வரும். செய்தி படிக்கும் பிள்ளை, "எதில் ஒன்றரை மடங்கு?" என்று கேட்கப் பழகினால் நம் வேலை பாதி முடிந்தது.

வந்தால் என்ன பயன்?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி, கல்பாக்கத்தில் யுரேனியம். இரண்டிலும் முடிவில் நடப்பது நீரைக் கொதிக்க வைத்து நீராவியால் சுழலியைச் சுற்றுவதுதான். இணைவு உலை வந்தாலும் நீராவிதான் முதல் வழி. கரிப்புகை இல்லை, இரவிலும் காற்றில்லாத நாளிலும் ஓடும். கடல் நீரைக் குடிநீராக்கவும், ஹைட்ரஜன் எடுக்கவும், ஆலைகளுக்கு உயர்வெப்பம் தரவும் அந்த வெப்பத்தைப் பயன்படுத்தலாம். நியூட்ரான்களைக் கொண்டு மருத்துவ ஐசோடோப்புகள் செய்யலாம். நெடுந்தூர விண்கலங்களுக்கு உந்துவிசையாக்கும் ஆய்வும் நடக்கிறது.

ஆபத்து? இது சங்கிலித் தொடர் வினை அல்ல. அறைக்குள் எந்த நேரத்திலும் இருப்பது மிகச் சிறிதளவு எரிபொருள். எங்கே கோளாறானாலும் பிளாஸ்மா அணைந்துவிடும். ஆனால் கதிரியக்கமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். டிரிட்டியம் கதிரியக்கமுடையது, நியூட்ரான் பட்ட எஃகும் அப்படியே. கல்பாக்கத்தின் அந்த எஃகு எதற்கு என்பது இங்கே விளங்கும். கழிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அல்லாமல், நூறாண்டு அளவில் அடங்கிவிட வேண்டும் என்பதே நோக்கம்.

தேடலின் வழியில் கிடைத்தவையும் உண்டு. மருத்துவமனைக் கழிவுகளைப் பிளாஸ்மாவால் சிதைக்கும் கருவியைக் காந்திநகர் நிறுவனம் உருவாக்கியது. நம் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் கருவிக்குள் இருப்பதும் இணைவு உலைக்குள் இருப்பதும் ஒரே குடும்பத்து மீக்கடத்திக் காந்தங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இன்றைய புவி வெப்பத்துக்கு இணைவு உலை உடனடி மருந்தாகாது. 2039க்குப் பிறகுதான் ஈட்டரின் உண்மையான சோதனை. மின் நிலையம் அதற்கும் அப்பால். மாற்று வடிவங்களோடு தனியார் நிறுவனங்கள் விரைவாக முயல்கின்றன, முந்தினால் மகிழ்ச்சி. அதுவரை வானத்தில் இருக்கும் இணைவு உலையைத்தான் நம்ப வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. அதுவும் இணைவு ஆற்றல்தான், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி உண்டானது.

வகுப்பறைக்கு

செலவில்லாத சில செயல்பாடுகள்.

தொடக்கநிலைக்கு: ஊதிய பலூனை இரு கைகளாலும் அமுக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கில் எல்லாம் பிதுங்கும். "எப்படிப் பிடித்தால் பிதுங்காது?" என்று கேளுங்கள். பிளாஸ்மாவைக் காந்தத்தால் பிடிப்பவர்களின் அன்றாடத் தலைவலி இதுதான்.

நடுநிலைக்கு: இரண்டு காந்தங்களின் ஒத்த முனைகளில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, எதிரெதிரே வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். மெல்லத் தள்ளினால் விலகும். வேகமாக அழுத்தினால் டேப் பற்றிக்கொள்ளும். தள்ளும் விசையை மீறி மிக அருகில் வந்தால், குறுந்தொலைவில் மட்டும் செயல்படும் வேறொரு விசை பிடித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட எளிய மாதிரி இல்லை.

உயர்நிலைக்கு: மேலே சொன்ன வரவு செலவுக் கணக்கு. அதோடு, ஊரில் உள்ள ஒரு வெல்டரை வகுப்புக்கு அழையுங்கள். "தகடு ஏன் இழுக்கிறது?" என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். நான் இப்போது அவ்வப்போது உதவும் பள்ளி ஒன்றுக்கு என் மாணவரை அழைத்துச் சென்றோம். ஒரு விடுப்பு நாளை எடுத்துக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முதல் ஐந்து நிமிடம் வியர்த்துக் கொட்டியது. பிறகு பற்றவைத்து வளைந்துபோன ஒரு சிறு தகட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு பெண் பிள்ளை எழுந்து, "அண்ணா, அந்தப் பிரான்சு வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "இயற்பியல் படிச்சும் போலாம்மா. ஐ.டி.ஐ. படிச்சும் போலாம். எதுன்னாலும் விரிசலை மறைக்கக் கூடாது" என்றார்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது அன்று பேருந்தில் அவருக்கு நான் சொன்ன பதிலையும் உங்களிடம் சொல்லி முடிக்கிறேன். "தம்பி, எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. இருபது வருஷம்னு அன்னிக்குச் சொன்னது என் தப்பு. வேலை நடக்குது. இதுவரைக்கும் வந்த தூரம் இவ்வளவு, மீதி இருக்கிற முடிச்சு இவ்வளவு" என்றேன். அவர் சற்று நேரம் ஜன்னல் வழியே பார்த்திருந்துவிட்டு, "இது போதும் சார்" என்றார்.

பாடப்புத்தகத்தில் எதிர்காலத்தைப் பற்றிய வரி வரும்போதெல்லாம் தேதி சொல்லாதீர்கள். தூரத்தைச் சொல்லுங்கள். மீதித் தூரத்தைக் கடக்கப் போகிறவர் உங்கள் வகுப்பின் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.